பிபி பார்க்கும் முன் 5 நிமிடம் சும்மா உட்காருங்கள்

கிளினிக்கில் மாடிப்படி ஏறி, மூச்சு வாங்க உட்கார்ந்த கையோடு பட்டையைக் கட்டினார்கள், மேல் எண் 150. வீட்டுக்கு வந்து நிதானமாகப் பார்த்தால் 126! டாக்டரைக் கண்டதுமே சிலருக்குப் பரிவு நரம்பு மண்டலம் (பதற்றத்தில் உடலைத் தானாக முடுக்கிவிடும் நரம்புகள்) உசாராகி, இதயத்தை வேகப்படுத்தி ரத்தக் குழாய்களையும் சுருக்கிவிடும். அது நம் கையில் இல்லை.

வீட்டில் மெஷின் இருந்தால் இப்படிப் பாருங்கள். காபி, சிகரெட் முடிந்து அரை மணி நேரமாவது போகட்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, கால் மேல் கால் போடாமல், கையை மேஜையில் நெஞ்சு உயரத்துக்கு வைத்து 5 நிமிடம் பேசாமல் உட்காருங்கள் (போனும் வேண்டாம்). அப்புறம் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை. முதல் எண் பெரும்பாலும் கூடுதலாகத்தான் வரும், பயப்படாதீர்கள். ஆராய்ச்சி செய்பவர்களும் ஒற்றை அளவை நம்புவதில்லை. காலையும் மாலையும் 7 நாள் எழுதி, முதல் நாளை விட்டுவிட்டுச் சராசரி போடுங்கள். அது 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் அந்த நோட்டோடு டாக்டரிடம் போங்கள். குறைவாக இருக்கிறதே என்று மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.