பினாங்கு வெக்கையில் ஃபிலிம் கழுவுவது எப்படி?

கறுப்பு வெள்ளை ஃபிலிமில் படத்தைத் தெரியவைக்கும் கரைசல்தான் டெவலப்பர். அதன் தயாரிப்பாளர்கள் தரும் நேரங்கள் பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸுக்கானவை. ஜார்ஜ் டவுனில் குழாயைத் திறந்தால் வரும் தண்ணீர் 28 டிகிரியை ஒட்டி இருக்கும். 20-க்கு இறக்கப் போராடாதீர்கள். 24-ஐப் பிடித்து அதிலேயே நிலையாக நில்லுங்கள். டெவலப்பர் 20-லும் அலசும் தண்ணீர் 28-லும் இருந்தால் ஃபிலிமின் ஜெலட்டின் திடீரென உப்பும், அது நல்லதல்ல. வித்தியாசம் 5 டிகிரிக்குள் இருப்பதே பாதுகாப்பு.

படம் எடுக்கும்போதே பாதி வேலை முடிகிறது. 400 ஐஎஸ்ஓ ஃபிலிமுக்கு, உச்சி வெயிலில் எஃப் 16, ஷட்டர் 1/500. ஐந்தடி நடைபாதை (கடைவீட்டு முகப்பின் கூரையிட்ட நடைபாதை) நிழலுக்குள் ஒதுங்கினால் குறைந்தது நான்கு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) திறக்க வேண்டும். அதாவது எஃப் 4. தண்ணீர்மலை முருகன் கோயிலில் வெள்ளை வேட்டிக் கூட்டம் சட்டத்தை நிறைத்தால் மீட்டர் ஏமாந்து வெள்ளையைச் சாம்பலாக்கும், ஒன்றரை ஸ்டாப் கூட்டுங்கள். நெகட்டிவ் அதிக வெளிச்சத்தை ஓரளவு தாங்கும். குறைந்த வெளிச்சத்தைத் தாங்காது.

இங்கே மிகவும் சோதிப்பது ஃபிலிமை இருட்டில் ரீலில் (ஃபிலிமைச் சுற்றும் சுருளில்) ஏற்றும் கட்டம்தான். சேஞ்சிங் பேக்குக்குள் (கையை மட்டும் நுழைக்கும், வெளிச்சம் புகாத பை) கை வியர்க்கும். ஈரம் பட்டால் பிளாஸ்டிக் ரீலில் ஃபிலிம் ஒட்டிக்கொண்டு நகராது. ஏர்கோன் அறையில் செய்யுங்கள். ரீல் எலும்பாகக் காய்ந்திருக்க வேண்டும். ரீலில் நுழையும் ஃபிலிம் முனையின் இரு மூலைகளையும் லேசாக வளைத்து வெட்டுங்கள். சிக்கினால் இழுக்காதீர்கள்: டேங்குக்குள் (ஃபிலிமைக் கழுவும், வெளிச்சம் புகாத பாத்திரம்) போட்டு மூடிவிட்டு, கையைத் துடைத்து ஆறவிட்டு மறுபடி தொடங்கலாம். வீணான ஒரு ரோலை வைத்து முதலில் வெளிச்சத்தில், பிறகு கண்ணை மூடிக்கொண்டு பழகுங்கள்.

இரண்டு ரீல் டேங்கில் ஒரு ரோல் மட்டும் என்றால் ஃபிலிம் கீழ் ரீலில் இருக்கட்டும். மேலே காலி ரீல். டி-76 என்ற டெவலப்பர் கரைசல் 250 மில்லி, தண்ணீர் 250 மில்லி. எச்பி5 பிளஸ் என்ற 400 ஐஎஸ்ஓ ஃபிலிமுக்கு 20 டிகிரியில் 11 நிமிடம். 24-ல் ஏறக்குறைய ஏழே முக்கால். நேரம் ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் கறுப்பு சீராக விழாது. அதனால்தான் கரைசலை நேரடியாக ஊற்றாமல் சரிபாதி தண்ணீர் கலக்கிறோம். ஐஸை டெவலப்பருக்குள் போடாதீர்கள், கலவை நீர்த்துப்போகும். பேசின் தண்ணீரில் ஐஸ் போட்டு, புட்டிகளை அதில் நிற்க வையுங்கள்.

ஊற்றியதும் பத்து விநாடியில் நான்கு முறை தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். குமிழி போக டேங்கை மேசையில் ஒரு தட்டு தட்டுங்கள். பிறகு ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் அதே நான்கு. வேகமாகக் குலுக்கினால் ஃபிலிம் விளிம்புத் துளைகளின் ஓரத்தில் கோடுகள் விழும். டெவலப்பரைக் கொட்டிவிட்டு ஸ்டாப் பாத் (டெவலப்பரின் வேலையை நிறுத்தும் கரைசல்) அரை நிமிடம், ரேபிட் ஃபிக்சர் (படத்தை நிலைக்கவைக்கும் கரைசல்) 1+4 கலவை, அதாவது ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர், ஐந்து நிமிடம். ஃபிக்சர் உயிரோடு இருக்கிறதா என்று முன்பே பாருங்கள்: வெட்டிய ஃபிலிம் முனையை அதில் போட்டு, தெளிவாக எவ்வளவு நேரம் ஆகிறதோ அதன் இரு மடங்கு நேரம் ஃபிக்சரில் இருந்தால் போதும்.

அலச, தண்ணீர் நிரப்பி ஐந்து முறை கவிழ்த்துக் கொட்டுங்கள். புதுத் தண்ணீரில் பத்து முறை, மறுபடி இருபது முறை. கடைசியில் வெட்டிங் ஏஜென்ட் (நீர்த்துளி தங்காமல் வழியவைக்கும் திரவம்), 500 மில்லி தண்ணீருக்கு 2.5 மில்லி. அளவு கூடினால் கறை தங்கும். மின்விசிறியை அணைத்துவிட்டுத் தொங்கவிடுங்கள், காற்று தூசியைக் கொண்டுவந்து ஒட்டும்.

நெகட்டிவ் காய்ந்ததும் முதலில் ஓரத்து எண்களைப் படியுங்கள். எண்கள் கறுப்பாக இருந்து படங்கள் வெறுமையா? ஃபிலிம் கேமராவில் சுற்றவே இல்லை. எண்களும் இல்லையா? டெவலப்பர் செத்துவிட்டது, அல்லது டெவலப்பருக்கு முன்பே ஃபிக்சரை ஊற்றிவிட்டீர்கள். எண்கள் வெளிறியிருந்தால் டெவலப்பரின் வேலை போதவில்லை. எண்கள் சரியாக இருந்து நிழல்கள் மட்டும் வெறுமையானால் படம் எடுக்கும்போது வெளிச்சம் போதவில்லை. பால் படர்ந்தாற்போல் மங்கினால் புது ஃபிக்சரில் மறுபடி போட்டு அலசுங்கள், வெளிச்சத்திலேயே செய்யலாம். பிறைவடிவக் கறுப்பு ஏற்றும்போது ஃபிலிம் மடங்கிய தடம், அதற்கு மருந்தில்லை.

ஜெலட்டின் பூஞ்சைக்குத் தீனி. நெகட்டிவை ஆறு ஆறாக வெட்டி உறையிலிட்டு, சிலிகா ஜெல்லுடன் காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள்.