டிரிஸ் தாங்கல் கரைசல்: வெப்பநிலையை மறவாமல் தயாரிக்கும் முறை

புரதங்களையும் டிஎன்ஏவையும் கையாளும் ஆய்வகங்களில் மிகுதியாகத் தயாரிக்கப்படும் தாங்கல் கரைசல், அதாவது சிறிது அமிலமோ காரமோ சேர்ந்தாலும் பிஎச் (அமில-கார அளவு) அதிகம் மாறாமல் காக்கும் கரைசல், டிரிஸ்தான். ஆனால் அதன் பிஎச் வெப்பநிலையோடு சேர்ந்து நகரும் என்பது அடிக்கடி மறக்கப்படுகிறது. ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் பிஎச் ஏறத்தாழ 0.028 குறைகிறது. எனவே 25 டிகிரியில் 8.0 என்று சரிசெய்த கரைசல், 4 டிகிரி குளிரறையில் 8.6 அளவுக்கு உயர்ந்தும் 37 டிகிரியில் 7.7 அளவுக்குத் தாழ்ந்தும் நிற்கும். குளிரில் பிரித்தெடுக்கும் நொதிக்கு 8.0 தேவையென்றால், கரைசலைக் குளிர்வித்து, பிஎச் மானியையும் அதே வெப்பநிலையில் அளவுதிருத்தம் செய்து, அங்கேயே சரிசெய்ய வேண்டும். மானியிலுள்ள வெப்பநிலை ஈடுசெய்யும் வசதி மின்முனையின் அளவீட்டைத்தான் திருத்துகிறது. கரைசலில் உண்மையாகவே நிகழும் மாற்றத்தை அது ஈடுசெய்யாது.

ஒரு மோலார் செறிவில் ஒரு லிட்டர் தயாரிக்க, 121.1 கிராம் டிரிஸ் காரத்தை நிறுத்து, 800 மில்லிலிட்டர் தூய நீரில் காந்தக் கலக்கியின் மேல் கரையுங்கள். டிரிஸ் ஹைட்ரோகுளோரைடு என்ற உப்பும் இதேபோன்ற புட்டியில் வருவதாலும், அதன் மூலக்கூறு எடை 157.6 என்பதாலும், நிறுப்பதற்கு முன் புட்டியின் பெயர்ச்சீட்டைப் படித்துவிடுங்கள். பிறகு பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் அணிந்து, புகையை உறிஞ்சி வெளியேற்றும் அடைப்புக்குள் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். பிஎச் 8.0ஐ எட்ட ஏறத்தாழ 42 மில்லிலிட்டர் செலவாகும். அமிலம் சேரும்போது கரைசல் சூடேறுவதால், இலக்கை நெருங்கியதும் நிறுத்தி, ஆறவிட்ட பின்னரே இறுதித் திருத்தத்தைச் செய்யுங்கள். சூட்டோடு 8.0 காட்டிய கரைசல் ஆறியபின் அதைவிட உயர்ந்திருக்கும். இலக்கைத் தாண்டி அமிலம் சேர்ந்துவிட்டால் சோடியம் ஹைட்ராக்சைடு ஊற்றி மீட்பதைவிட, புதிதாகத் தொடங்குவதே நல்லது. ஏனெனில் அப்படி மீட்கும்போது உப்பின் செறிவு கூடி, ஒவ்வொரு முறையும் வேறுபட்ட கரைசல் கிடைக்கும். கடைசியாக அளவுக்குடுவையில் ஒரு லிட்டருக்கு நீரைச் சேர்க்க வேண்டும்.

மின்முனை டிரிஸுக்கு ஏற்றதா என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். சில வகைகள் டிரிஸ் கரைசலில் தவறான எண்ணைக் காட்டுகின்றன. நீர்த்த பிறகும் பிஎச் சற்றுக் குறையும் என்பதால், பயன்படுத்தும் செறிவிலும் ஒருமுறை அளந்து பார்ப்பது அவசியம்.

ஆர்என்ஏ பணிக்கு, ஆர்என்ஏவைச் சிதைக்கும் நொதிகளை முடக்கப் பயன்படும் டையெத்தில் பைரோகார்பனேட்டை டிரிஸ் கரைசலில் நேரடியாக இடக்கூடாது. டிரிஸின் அமீன் தொகுதி அதனோடு வினைபுரிந்து அதைச் செயலிழக்கச் செய்யும். முதலில் நீரை அதனால் பதப்படுத்தி, ஆட்டோகிளேவ் செய்தபின் (உயர் அழுத்த நீராவியில் சூடாக்கியபின்), அந்நீரில் டிரிஸைக் கரைக்க வேண்டும். ஃபார்மால்டிஹைடு கொண்டு செல்களை நிலைப்படுத்தும்போதும் இதே அமீன் குறுக்கிடுவதால், அங்கே பாஸ்பேட் தாங்கலே ஏற்றது. உயிருள்ள செல்களின் வளர்ப்பூடகத்துக்கு டிரிஸைத் தவிர்த்து, 10 முதல் 25 மில்லிமோலார் ஹெப்பீஸ் என்ற வேறொரு தாங்கலைச் சேர்ப்பதே வழக்கம். ஆனால் ரைபோஃபிளேவின் (வைட்டமின் பி2) உள்ள ஊடகத்தில் ஹெப்பீஸ் இருக்கும்போது வெளிச்சம் பட்டால் ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகிச் செல்களைத் தாக்கும் என்பதால், அந்தப் புட்டிகளை இருட்டில் வையுங்கள்.