தின்பண்ட லைன் போடுவது எப்படி? தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

கடை பிடிக்க அட்வான்ஸ் கொடுக்க முடியாது, முறுக்கு சுடவும் தெரியாது, ஆனால் ஊர் ஊராக அலையச் சலிப்பில்லை என்பவர்களுக்கு ஏற்ற தொழில் தின்பண்ட லைன். தயாரிப்பவரிடம் சரக்கு எடுத்து, பெட்டிக்கடை, மளிகைக்கடை, டீக்கடை, பேக்கரி என்று வாரம் ஒருமுறை போய்ப் போட்டு, பணத்தை வசூலித்துக்கொண்டு வர வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் ஆறு மாதத்தில் வண்டியை விற்றுவிட்டு வேறு வேலைக்குப் போனவர்கள் நம் பக்கம் நிறைய பேர். பெரும்பாலும் ஒரே காரணம்தான்: கடை எண்ணிக்கையைப் பெருக்கினார்கள், ஒரு கடையில் விழும் பில்லைப் பெருக்கவில்லை. அதைக் கணக்கோடு பிறகு சொல்கிறேன்.

படி 1: சரக்கு எடுப்பதற்கு முன் லைனைப் பாருங்கள்

எல்லோரும் முதலில் ஏஜென்சி தேடி ஓடுவார்கள். அதற்கு முன் ஒரு டூவீலரை எடுத்துக்கொண்டு, போக நினைக்கும் சாலையில் கடை கடையாக நின்று பாருங்கள். ஒரு டீ குடியுங்கள். கடை முன்னால் என்ன சரம் தொங்குகிறது, எந்த ஜார் காலியாக இருக்கிறது, எந்தப் பாக்கெட்டில் தூசி படிந்திருக்கிறது என்று கவனியுங்கள். "இந்தப் பக்கம் முறுக்கு யாருண்ணா போடறாங்க? எந்தக் கிழமை வருவாங்க?" என்று கேட்டால் கடைக்காரரே பாதி விவரத்தைச் சொல்லிவிடுவார். ஏற்கெனவே வருகிற வண்டி ஒழுங்காக வருவதில்லை என்று யாராவது புலம்பினால், அந்தக் கடையைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் முதல் வாடிக்கையாளர் அவர்தான்.

ஒரு நாள் லைன் என்பது 30 முதல் 40 கடை. கடைகள் நெருக்கமாக இருக்க வேண்டும். பாலக்கோட்டிலிருந்து மாரண்டஅள்ளி வரை ஒரு நாள், இண்டூர், பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் வரை ஒரு நாள், காவேரிப்பட்டணத்திலிருந்து காரிமங்கலம் வரை ஒரு நாள் என்று பிரிக்கலாம். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர், மறுநாள் அரூர், அதற்கடுத்த நாள் ஊத்தங்கரை என்று வரைபடம் முழுக்க ஓடினால் லாபம் டீசலுக்கும் சுங்கச்சாவடிக்கும் போய்விடும். ஒரே சாலையில் நான்கு கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கும் கிராமத்துக் கடையை ஒதுக்கிவிடாதீர்கள். பெரிய கம்பெனி வண்டி அங்கெல்லாம் எட்டிப் பார்க்காது. ஆனால் அப்படி உள்ளே போனால் அங்கே மூன்று கடையாவது இருக்க வேண்டும்.

சந்தைக் கிழமையைக் கட்டாயம் பாருங்கள். போச்சம்பள்ளிச் சந்தை ஞாயிறு, காரிமங்கலம் செவ்வாய், குந்தாரப்பள்ளி வெள்ளி. சந்தை நாளில் அந்த ஊர்க் கடைக்காரருக்கு உங்களிடம் பேச நேரம் இருக்காது, சரக்கு மட்டும் பறக்கும். அதனால் முந்தின நாள் போய் ஜாரை நிரப்பிவிட வேண்டும். லைன் கிழமையை இதை வைத்தே முடிவு செய்யுங்கள்.

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் லைன் போடுபவர்கள் இருட்டுவதற்குள் திரும்பிவிடும்படி நேரம் போட்டுக்கொள்ளுங்கள். அது யானை நடமாடும் காட்டுச் சாலை. ஒகேனக்கலில் குரங்கு. வண்டிக் கதவைத் திறந்து வைத்துவிட்டு பில் எழுதப் போனால் மிச்சம் இருக்கும் சிப்ஸ் உங்களுடையது இல்லை.

படி 2: எட்டுப் பத்து ஐட்டம் போதும்

புதிதாக வருபவர்கள் நாற்பது வகையை வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். கடைக்காரர் ஒவ்வொன்றிலும் இரண்டு பாக்கெட் வாங்குவார். மறுவாரம் எது ஓடியது, எது நின்றது என்று யாருக்கும் தெரியாது.

பெரிய கம்பெனியின் உருளைக்கிழங்கு சிப்ஸோடு மோத வேண்டாம். அந்த இடம் ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது. நம் ஊர்க்காரர்கள் தின்பதை எடுங்கள்: நிப்பட்டு, கை முறுக்கு, கேழ்வரகு முறுக்கு, மிக்சர், காராசேவு, ஓலை பக்கோடா, மசாலாக் கடலை, கடலை மிட்டாய். டீக்கடைக்கு ஜாரில் போட்டு எண்ணி விற்கும் சரக்கும், பெட்டிக்கடைக்கு 5 ரூபாய், 10 ரூபாய் பாக்கெட்டும், மளிகைக்குக் கால் கிலோ, அரைக் கிலோ பாக்கெட்டும் வேண்டும். ஓசூர்ப் பக்கம் பெங்களூர் ருசி கலந்திருக்கும். கோடுபளே, காங்கிரஸ் கடலை என்று கேட்பார்கள். அதையே அரூர்ப் பக்கம் கொண்டுபோனால் ஜாரில் உட்கார்ந்துவிடும்.

தயாரிப்பவரைத் தேர்ந்தெடுக்கும்போது ருசியை மட்டும் பார்க்காதீர்கள். ஒரு பாக்கெட்டை வாங்கி, வெயில் படும் வண்டிக்குள் இரண்டு வாரம் போட்டு வையுங்கள். பிறகு பிரித்து முகர்ந்து பாருங்கள். சிக்கு வாடை வந்தால் அந்த எண்ணெயை நம்பி நீங்கள் கடைக்காரரிடம் முகம் கொடுக்க முடியாது. சித்திரை வெயிலில் நம் வண்டி அடுப்பு மாதிரிதான் இருக்கும். சரக்கு அதைத் தாங்க வேண்டும்.

அப்புறம் பேச வேண்டியது ரிட்டன். காற்று இறங்கிய பாக்கெட், நொறுங்கியது, தேதி முடிந்தது, இவற்றை யார் ஏற்பது? எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவார்? எந்தெந்த ஊர்களை உங்களுக்கு மட்டும் தருகிறார்? வாய்வார்த்தை வேண்டாம், ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். ரிட்டன் எடுக்க மாட்டேன் என்பவர் ஐம்பது காசு விலை குறைத்துக் கொடுத்தாலும் கணக்குப் பார்த்தால் அவரே விலை கூடியவராக இருப்பார்.

படி 3: காகித வேலை

உணவுப் பொருளைச் சேமித்து விற்கும் விநியோகஸ்தருக்கும் எஃப்எஸ்எஸ்ஏஐ, அதாவது மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அனுமதி வேண்டும். தயாரிப்பவரிடம் இருக்கிறதே, எனக்கு எதற்கு என்று இருந்துவிடாதீர்கள். ஆண்டு விற்பனையைப் பொறுத்து அது வெறும் பதிவா, உரிமமா என்று மாறும். அந்த ஆணையத்தின் ஃபாஸ்காஸ் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். வரம்பையும் கட்டணத்தையும் விண்ணப்பிக்கும் நாளில் அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு பாக்கெட்டிலும் தயாரிப்பாளர் பெயர், முகவரி, 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண், சேர்பொருட்கள், எடை, அதிகபட்ச விலை, தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம் என்ற விவரம், சைவக் குறி எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். சோதனை வந்தால் கடைக்காரர் உங்களைத்தான் கைகாட்டுவார்.

ஜிஎஸ்டி: தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம். ஆனால் ஓசூர்க்காரர்கள் கவனிக்க: அத்திப்பள்ளியில் ஒரே ஒரு கடைக்குச் சரக்குப் போட்டாலும் அது வெளிமாநில விற்பனை. அதற்கு 40 லட்சக் கணக்கு செல்லாது, முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும். பெங்களூரிலிருந்து 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு ஏற்றி வந்தால், வண்டியில் சரக்கு கொண்டுவர ஆன்லைனில் எடுக்கும் இ-வே பில்லும் வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் பாக்கெட் மிக்சர், நம்கீன் வகைகளுக்கு வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய விலைப்பட்டியலை யாராவது நீட்டினால் கேளுங்கள்.

பள்ளிக்கூட வாசல் கடை நல்ல வியாபாரம் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் கொழுப்பு, உப்பு, சர்க்கரை அதிகமுள்ள தின்பண்டங்களைப் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக்கூடாது என்று எஃப்எஸ்எஸ்ஏஐ 2020இல் விதி போட்டிருக்கிறது. அங்கே கடலை மிட்டாயைக் கொண்டுபோகலாமே என்று தோன்றும், அதிலும் சர்க்கரைக் கணக்கு உண்டு. லைன் போடும்போது அந்தக் கடைகளை நம்பி எண்ணிக்கையைச் சேர்க்காதீர்கள்.

இன்னொன்று. "அந்தப் பக்கம்தானே போறீங்க, இந்த மூட்டையை மட்டும் இறக்கிடுங்க" என்று யார் சொன்னாலும் ஏற்றாதீர்கள். குட்காவுக்கு இங்கே தடை. கர்நாடக எல்லையிலிருந்து அது வரும் வழியும் உங்கள் வழியும் ஒன்று. பிடிபட்டால் போவது உங்கள் வண்டிதான்.

படி 4: வண்டி

தொடக்கத்தில் மொபெட்டில் இரண்டு பக்கமும் பை கட்டிக்கூட ஒரு சின்ன லைன் போகலாம். பலர் அப்படித்தான் ஆரம்பித்தார்கள். லைன் நிலைத்த பிறகு ஆப்பே ஆட்டோ அல்லது குட்டி யானை (டாடா ஏஸ்). தின்பண்டம் இடத்தை அடைக்கும், எடை இருக்காது. அதனால் எத்தனை கிலோ தாங்கும் என்பதைவிட மூடிய பாடி எவ்வளவு உயரம் என்று பாருங்கள். மழை ஒழுகாமல் இருக்கிறதா என்று தண்ணீர் ஊற்றிப் பார்த்து வாங்குங்கள். புது வண்டிக்குத் தவணை கட்டிக்கொண்டு லைன் பழகுவது ரொம்பக் கஷ்டம்.

படி 5: இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

உதாரணத்துக்கு, 10 ரூபாய் பாக்கெட் உங்களுக்கு 7 ரூபாய்க்கு வருகிறது, கடைக்கு 8 ரூபாய்க்குக் கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு 1 ரூபாய், அதாவது விற்பனையில் பன்னிரண்டரை சதவீதம்.

35 கடை, கடைக்குச் சராசரி 200 ரூபாய் பில். அன்றைய விற்பனை 7,000. உங்கள் பங்கு 875. டீசல் 350 போகட்டும், ரிட்டன் சேதம் இரண்டரை சதவீதம் என்றால் 175. கையில் நிற்பது 350 ரூபாய். கூலிக்குப் போனாலே இதைவிடக் கூடக் கிடைக்கும்.

இப்போது அதே 35 கடை, அதே டீசல், ஆனால் பில் 400 ரூபாய். விற்பனை 14,000, பங்கு 1,750, டீசல் 350, ரிட்டன் 350. நிற்பது 1,050. பில் இரண்டு மடங்கானால் கையில் நிற்பது மூன்று மடங்கு. முப்பத்தாறாவது கடையைத் தேடிப் பத்து கிலோமீட்டர் போவதற்குப் பதில், இருக்கும் கடையில் இன்னொரு ஜார் வைக்க இடம் கேளுங்கள். மிக்சர் மட்டும் எடுப்பவரிடம் "அக்கா, இந்த நிப்பட்டை நாலு பாக்கெட் வெச்சுப் பாருங்க, போகலைன்னா அடுத்த வாரம் நானே எடுத்துக்கறேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி எடுத்துக்கொள்ளவும் வேண்டும்.

முதலீடு எவ்வளவு வேண்டும் என்பதும் இதிலேயே வந்துவிடும். வாரம் நான்கு லைன், லைனுக்கு 35 கடை, சராசரி 300 ரூபாய் பில் என்றால் வாரத்துக்கு 42,000 ரூபாய்ச் சரக்கு. ஒரு வாரக் கடன் கொடுத்தால் அந்த 42,000 எப்போதும் கடைகளில் நிற்கும். அடுத்த வாரச் சரக்குக்கு வாங்கும் விலையில் இன்னொரு 36,750. ஆக வண்டி போக 80,000 ரூபாயாவது சுழல வேண்டும். சிறு தொழிலுக்கு வங்கி தரும் முத்ரா கடனில் சிசு பிரிவில் 50,000 வரை கேட்கலாம். மீதியைக் கந்துவட்டியில் எடுத்தால் லைன் ஓடுவது உங்களுக்காக இருக்காது.

படி 6: கடன் கொடுப்பது, வசூலிப்பது

முதல் மூன்று வாரம் ரொக்கம் அல்லது ஜிபே மட்டும். புது ஆளுக்கு அந்த அளவு கண்டிப்பு தப்பில்லை. அப்புறம் ஒரே ஒரு பில் கடன்: பழைய பில் தீர்ந்தால்தான் புதுச் சரக்கு இறங்கும். "அடுத்த வாரம் சேர்த்துத் தரேன்" என்பவரிடம் சண்டை வேண்டாம். "சரிங்கண்ணா, அப்போ அடுத்த வாரமே சரக்கும் போட்டுடறேன்" என்று சிரித்துக்கொண்டே வண்டியில் ஏறிவிடுங்கள். பெரும்பாலும் கல்லாப்பெட்டி அப்போதே திறக்கும்.

ஒரு நோட்டில் கடைக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். தேதி, போட்டது, ரிட்டன், வாங்கியது, பாக்கி. கடைக்காரரிடம் கார்பன் பில் ஒன்று இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் நீங்களே அலமாரியைத் துடைத்து, பழைய பாக்கெட்டை முன்னால் இழுத்து, புதியதைப் பின்னால் வையுங்கள். ரிட்டன் பாதியாகக் குறைவது இதனால்தான். துடைக்கும்போது அடுத்த கம்பெனிச் சரக்கு எப்படிப் போகிறது என்பதும் தெரிந்துவிடும்.

கிழமை தவறக்கூடாது. வியாழன் என்றால் வியாழன். உங்களுக்குக் காய்ச்சல் என்றால் தம்பியையாவது அனுப்புங்கள். இரண்டு வாரம் வராத வண்டியின் ஜாரில் வேறொருவர் சரக்கு உட்கார்ந்துவிடும்.

படி 7: வளர்ப்பது

முதல் லைனில் சராசரி பில் உயர்ந்து நின்ற பிறகே அடுத்த கிழமைக்கு இரண்டாவது லைன். வாரம் ஆறு நாளும் நிரம்பிய பிறகே இரண்டாவது வண்டி. இந்த வரிசையை மாற்ற ஆசை வரும், குறிப்பாக ஆடிப்பெருக்கு வாரம் ஒகேனக்கல் பக்கம் சரக்கு பறப்பதைப் பார்த்தால். அது ஒரு வாரக் கூட்டம். அதை வைத்து வண்டி வாங்கக்கூடாது. மே மாதம் பள்ளி விடுமுறையில் சில கடைகளில் பில் படுத்துவிடும், அப்போது நெடுஞ்சாலை டீக்கடைகளும் மாங்காய் மண்டிப் பக்கத்துக் கடைகளும் கைகொடுக்கும்.

டவுனில் இருக்கும் மொத்தக் கடைக்காரர் ஒரு நாள் கூப்பிட்டு "நூறு கிலோ எடுத்துக்கறேன், விலையைக் குறை" என்பார். கொடுத்தால் அதே சரக்கு உங்கள் லைன் கடைகளுக்கே உங்களைவிட ஒரு ரூபாய் குறைவாகப் போகும். ஒரே பிராண்டை அவருக்கும் கொடுத்து லைனிலும் போடாதீர்கள். அவருக்கு வேண்டுமென்றால் வேறு அளவுப் பாக்கெட்டைக் கொடுங்கள்.

கை வந்த பிறகு சிலர் மொத்தமாக மூட்டையில் வாங்கிச் சொந்தப் பெயரில் பாக்கெட் போடத் தொடங்குகிறார்கள். லாபம் கூடும். ஆனால் அந்த நிமிடமே நீங்கள் விநியோகஸ்தர் மட்டுமில்லை, பாக்கெட் செய்பவரும் ஆகிவிடுகிறீர்கள். எஃப்எஸ்எஸ்ஏஐயில் அந்த வகையைச் சேர்க்க வேண்டும், லேபிள் பொறுப்பு முழுக்க உங்கள் தலையில்.

இரண்டாவது வண்டிக்கு ஆள் போடும்போது ஊக்கத்தொகையை விற்பனைக்குக் கொடுக்காதீர்கள், வசூலுக்குக் கொடுங்கள். விற்பனைக்குக் கொடுத்தால் அவர் கேட்டவருக்கெல்லாம் கடனில் இறக்கிவிட்டு வருவார். லைனை ஒப்படைக்கும் முன் இரண்டு சுற்றாவது அவரோடு நீங்களும் போங்கள், ஒவ்வொரு கடையிலும் பாக்கியை அவர் எதிரிலேயே கடைக்காரரிடம் படித்துக் காட்டி நோட்டில் கையெழுத்து வாங்குங்கள். பில் புத்தகத்தில் உங்கள் செல் நம்பர் அச்சாகியிருக்கட்டும். மாதத்தில் ஒரு நாள், சொல்லாமல், அந்த லைனில் நீங்களே போய் நின்று பாக்கியைச் சரிபாருங்கள்.