பழைய ஸ்னோபுளோயரை (பனியை அள்ளி வீசும் மெஷின்) பனிக்கு முன் தயார் செய்வது

முதலில் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றி ஒதுக்கிவிடுங்கள், அதுவரை எதிலும் கை வைக்க வேண்டாம். பழைய மெஷின் கிளம்பவில்லையா, பெரும்பாலும் கார்புரேட்டர்தான்: போன பருவத்துப் பெட்ரோல் உள்ளேயே காய்ந்து, மஞ்சள் பிசின் மாதிரி ஒட்டி, ஜெட்டின் (பெட்ரோலை அளவாக விடும் சிறு முனை) நுண்ணிய துளையை அடைத்திருக்கும். அடிக்கிண்ணத்தைக் கழற்றி கிளீனர் அடித்து, ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், துளை வழியே ஒளி தெரிந்தால் சரி.

அப்புறம் ஷியர் பின், அதாவது எதிலாவது மோதினால் தானே உடைந்து கியர்பாக்ஸைக் காக்கும் சிறு ஆணி, இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. பின்னை எடுத்துவிட்டு, பனியை அள்ளும் திருகுச் சுருளான ஆகரைக் கையுறை போட்டுச் சுற்றுங்கள். தனியாகச் சுற்றாமல் தண்டோடு துருவேறிப் பிடித்திருந்தால், கல்லில் மோதும்போது ஷியர் பின் உடையாது, கியர்பாக்ஸ்தான் நொறுங்கும். துரு இளக்கும் எண்ணெய் விட்டு, ஓரிரு நாள் பொறுத்து அசைத்துப் பிரித்து, கிரீஸ் அடியுங்கள். பின்னுக்குப் பதிலாகக் கடினமான போல்ட்டைத் தயவுசெய்து போடாதீர்கள். பெல்ட்டில் வெடிப்பு இருந்தால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.