நம் கூத்தையும் பழைய பதிவுகளையும் காக்க மானியம்: முதல் விண்ணப்பம் எழுதுவது எப்படி?

டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க், லெனேசியா பக்கம் எந்தத் தமிழ் அமைப்பின் கமிட்டியில் போய் உட்கார்ந்தாலும் பணப் பேச்சு ஒரே மாதிரிதான் போகும். திருவிழாவுக்கு வசூல், பிரியாணி டிக்கெட், கடைக்காரர்களிடம் நன்கொடை. இது கோயில் செலவுக்குப் போதும். ஆனால் கூத்து வாத்தியார் ஒருவரின் பாட்டெல்லாம் அவரோடு போய்விடாமல் பதிவு செய்ய வேண்டும், நூறு வருடப் பழைய கணக்குப் புத்தகத்தைச் செல்லரிக்கும் முன் படம் எடுத்து வைக்க வேண்டும் என்றால் பிரியாணி டிக்கெட் போதாது. அந்த வேலைகளுக்கென்றே தென்னாப்பிரிக்காவில் சட்டப்படி ஒதுக்கிய பணம் இருக்கிறது. நம் ஆட்கள் கேட்பதில்லை, கேட்டாலும் கேட்கிற விதம் சரியாக இருப்பதில்லை என்பதுதான் என் வருத்தம். இதுவரை விண்ணப்பமே போட்டிராத சின்ன அமைப்புக்கு, எங்கே ஆரம்பிப்பது என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள்

‘தமிழ்க் கலாசாரத்தைப் பாதுகாக்க உதவி தேவை’ என்று எழுதிய விண்ணப்பம் தேறாது. அதில் என்ன நடக்கும், யார் செய்வார், எப்போது முடியும் என்று படிப்பவருக்குப் புரியாது. வருடக் கடைசியில் கையில் எடுத்துக் காட்டக்கூடிய ஒரு வேலை வேண்டும்.

உதாரணத்துக்குத் தெருக்கூத்தை எடுத்துக்கொள்வோம். இங்கே பாதிப் பேர் அதைச் ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’ என்றுதான் சொல்கிறார்கள். உங்கள் ஊர்க் குழுவில் வயதான வாத்தியார் ஒருவர் இருக்கிறார், விடிய விடிய நடக்கும் அர்ஜுனன் தபசு அவருக்கு மனப்பாடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் பாட்டு நோட்டை வாங்கிப் பாருங்கள். முன்பக்கங்கள் தமிழில் இருக்கும். பிற்பாடு தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்காக அதே பாட்டை ஆங்கில எழுத்தில் எழுதியிருப்பார்கள். ஓரத்தில் எந்த இடத்தில் தாளம் மாறுகிறது என்று பென்சில் குறி இருக்கும். அந்தக் குறிக்கு என்ன அர்த்தம் என்று அவர் ஒருவருக்குத்தான் தெரியும். இங்கே செய்ய வேண்டிய வேலை தெளிவாகக் கண்ணில் படுகிறது: அவர் பாடுவதை முழுசாகப் பதிவு செய்வது, நோட்டைப் பக்கம் பக்கமாகப் படம் எடுப்பது, பாட்டைத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் அச்சுக்குத் தயார் செய்வது, நாலைந்து இளைஞர்களை அவரிடம் உட்காரவைத்துக் கற்கச் சொல்வது. இதை ஒரு வருடத்தில் முடிக்கலாம்.

வேலையைத் தீர்மானித்ததும் ஒரு தாளில் நாலு வரி எழுதுங்கள். என்ன செய்யப் போகிறோம்? யார் செய்வார்கள்? யாருக்குப் பயன்? முடிந்ததும் என்ன மிஞ்சும்? கமிட்டியில் எல்லோரும் அந்த நாலு வரியை ஒப்புக்கொள்ளும் வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

கோயில் கமிட்டிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பூசைக்கும் திருவிழாவுக்கும் பெரும்பாலான நிதி அமைப்புகள் பணம் தருவதில்லை. ஆனால் கோயில் வளாகத்தில் நடக்கிற இசை வகுப்பு, பழைய கட்டடத்தின் பாதுகாப்பு, ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் குடும்ப வரலாற்றைத் தொகுப்பது போன்றவை கலையும் மரபும் சேர்ந்தவை. அவற்றைத் தனித் திட்டமாகப் பிரித்து, தனிக் கணக்கில் வைத்துக் கேளுங்கள்.

இரண்டாம் படி: காகிதங்களைச் சரிசெய்யுங்கள்

இது சலிப்பான வேலைதான். ஆனால் அறிவிப்பு வந்த பிறகு ஓடினால் நடக்காது, இப்போதே ஆரம்பியுங்கள்.

சமூக மேம்பாட்டுத் துறையிடம் என்பிஓ, அதாவது லாப நோக்கமற்ற அமைப்பு என்ற பதிவு வாங்க வேண்டும். 1997ஆம் ஆண்டின் 71ஆம் எண் சட்டப்படி நடக்கிற பதிவு இது, கட்டணம் கிடையாது. அமைப்பின் விதிமுறை எழுத்தில் இருக்க வேண்டும். வருமானத்தை உறுப்பினர்களுக்குப் பிரித்துத் தரமாட்டோம், அமைப்பைக் கலைத்தால் சொத்து இதே நோக்கமுள்ள இன்னொரு அமைப்புக்குப் போகும் என்ற இரண்டு விஷயமும் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். பல பழைய சங்கங்களின் விதிமுறையில் இரண்டாவது விட்டுப்போயிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

பதிவு வாங்கிவிட்டு மறந்துவிடக் கூடாது. நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் ஆண்டறிக்கையும் கணக்கும் துறைக்குப் போய்ச் சேர வேண்டும். அனுப்பாமல் விட்டால் பதிவு ரத்தாகலாம். விண்ணப்பிக்கும் முன் உங்கள் என்பிஓ எண் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று இணையத்தில் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது வரித் துறையான சார்ஸிடம் வாங்கும் பிபிஓ (பொதுநல அமைப்பு) அங்கீகாரம், அதாவது வருமான வரி விலக்கு. இஐ1 என்ற படிவம். ஒருவருக்கொருவர் உறவில்லாத மூன்று பேராவது பொறுப்பில் இருக்க வேண்டும் என்பது விதி. நம் கலைக்குழுக்கள் பல, அப்பா தலைவர், அம்மா பொருளாளர், சித்தப்பா செயலாளர் என்று குடும்பமாக ஓடுகிறவை. அவர்கள் உழைப்பால்தான் கலை இவ்வளவு நாள் பிழைத்தது, அதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் சட்டத்துக்காக வெளியாட்கள் இரண்டு மூன்று பேரைச் சேர்த்தே ஆக வேண்டும்.

18ஏ பற்றிப் பலரும் குழம்புகிறார்கள். நன்கொடை தருபவர் வரிச் சலுகை பெறுவதற்கான ரசீது அது. பிபிஓ கிடைத்தால் 18ஏவும் தானாக வரும் என்று நினைக்க வேண்டாம். வருமான வரிச் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணையில் இரண்டு பகுதி உண்டு. கலை, கலாசாரம் முதல் பகுதியில் மட்டும்தான் இருக்கிறது, 18ஏ தருகிற இரண்டாம் பகுதியில் இல்லை. கல்வி இரண்டிலும் இருக்கிறது. ஆகவே வசதியில்லாத பிள்ளைகளுக்குத் துணை வகுப்பு நடத்துவது போன்ற கல்விப் பணி உண்மையிலேயே செய்கிற அமைப்பு, அந்தப் பணிக்கு மட்டும் 18ஏ கேட்டுப் பார்க்கலாம். இந்தச் சட்டம் கலை அமைப்புகளுக்கு அநியாயம் என்பது என் கருத்து. இருந்தாலும் இன்றைக்கு நிலைமை இதுதான்.

அப்புறம் அமைப்பின் பெயரில் வங்கிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து. தலைவரின் சொந்தக் கணக்குக்கு எந்த நிதி அமைப்பும் பணம் போடாது.

மூன்றாம் படி: எங்கே கேட்பது?

பெரிய கதவு, நாமெல்லாம் ‘லோட்டோ பணம்’ என்று சொல்லும் தேசிய லாட்டரி ஆணையம். லாட்டரி வருமானத்தில் ஒரு பங்கு நற்பணிகளுக்குப் போகிறது. கலை, கலாசாரம், தேசிய மரபு அதில் ஒரு தனித் துறை. 5 லட்சம் ரேண்ட் வரை சிறு மானியம், அதற்கு மேல் 50 லட்சம் வரை நடுத்தரம், அதற்கும் மேல் பெரியது. முதல் முறை கேட்பவர்கள் சிறு மானியத்தோடு நிறுத்திக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். பெரியவற்றுக்குக் கேட்கிற கணக்கு அறிக்கைகளும் அதிகம். விண்ணப்பத்துக்குக் கட்டணமே கிடையாது. ‘நான் வாங்கித் தருகிறேன், பத்து சதவீதம் கொடுங்கள்’ என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். முழுமையான விண்ணப்பம் கிடைத்து 150 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது ஆணையத்துக்குச் சட்டம் வைத்த கெடு. அதனால் தை மாதம் நடத்த வேண்டிய நிகழ்ச்சிக்குக் கார்த்திகையில் கேட்டுப் பிரயோஜனமில்லை.

அடுத்தது தேசியக் கலை மன்றம். இசை, நடனம், நாடகம், இலக்கியம், கைவினை, காண்கலை என்று துறைவாரியாகத் தருகிறது, அவ்வப்போது அறிவிப்பு விடும். கூத்து, பரதம், நாதஸ்வரம் எல்லாம் இங்கே பொருந்தும். வியாபாரிகளின் ஆதரவு உள்ளவர்கள் 1997இல் தொடங்கிய ‘பிசினஸ் அண்ட் ஆர்ட்ஸ் சவுத் ஆஃப்ரிக்கா’ அமைப்பையும் பார்க்கலாம். வணிகத்தையும் கலையையும் இணைப்பதே அதன் வேலை.

கையெழுத்துப் பிரதி, பழைய கூட்டக் குறிப்பு, கணக்கேடு மாதிரி ஆவணங்கள் என்றால் பிரிட்டிஷ் நூலகத்தின் ‘அழியும் நிலையிலுள்ள ஆவணங்கள்’ திட்டம் இருக்கிறது. 2004 முதல் நடக்கிறது, ஆர்கேடியா நிதியம் பணம் தருகிறது. ஆவணங்களைப் படமெடுத்து மின்வடிவமாக்க உதவும். அசல் நாட்டை விட்டு வெளியே போகாது. ‘எங்கள் தாத்தா எழுதிய ஏட்டை லண்டனுக்குக் கொடுக்கமாட்டோம்’ என்று தயங்கும் பெரியவர்களிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

கட்டட வேலை என்றால் முதலில் அனுமதி. 60 வருடத்தைத் தாண்டிய கட்டடத்தை மரபுத் துறையின் அனுமதி இல்லாமல் மாற்றவோ இடிக்கவோ கூடாது என்கிறது 1999ஆம் ஆண்டின் 25ஆம் எண் மரபுச் சட்டம். குவாசூலு-நட்டாலில் மாகாண மரபு அமைப்பான அமாஃபாவிடம் கேட்க வேண்டும். நம் பழைய கோயில்கள் பலவும் இந்த வயதைத் தாண்டியவை. சுதையை உடைத்துவிட்டு டைல்ஸ் ஒட்டிய பிறகு, மரபைக் காக்கப் பணம் கேட்க முடியாது.

நான்காம் படி: எழுதுங்கள்

நான் பார்த்த விண்ணப்பங்களில் பெரும்பாலானவை 1860 நவம்பர் 16ஆம் தேதி முதல் இந்திய ஒப்பந்தக் கூலிகளோடு ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்த கதையில் ஆரம்பித்து, இரண்டு பக்கம் அதையே சொல்லும். நமக்கு அது உயிரான கதை. ஆனால் படித்துத் தீர்மானிப்பவர் அதை நிறையப் படித்துவிட்டார். இரண்டு வரி போதும். மிச்ச இடத்தை உங்கள் வேலைக்குக் கொடுங்கள்: இந்த வாத்தியார், இந்த நோட்டு, இந்தத் தெரு, இந்தப் பிள்ளைகள்.

தமிழ் தெரியாத ஒருவர்தான் படிப்பார் என்பதை மனதில் வையுங்கள். கூத்து என்றால் என்ன, எத்தனை மணி நேரம் நடக்கும், யார் ஆடுவார்கள், யார் பார்க்க வருவார்கள் என்று எளிமையாகச் சொல்லுங்கள். சூலூ பேசும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் வகுப்புக்கு வருவதாக இருந்தால் அதை எழுதுங்கள். வராவிட்டால் எழுத வேண்டாம். சொன்னதையெல்லாம் பிறகு அறிக்கையில் காட்ட வேண்டியிருக்கும்.

பதிவுகள் எங்கே போய்ச் சேரும் என்பதையும் முன்கூட்டியே தீர்மானியுங்கள். செயலாளரின் மடிக்கணினியில் தூங்குகிற பதிவால் யாருக்கும் பயனில்லை. ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும். இன்னொன்றைக் குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி-லுத்துலி ஆவண மையமோ, டர்பனில் உள்ள 1860 மரபு மையமோ ஏற்குமா என்று கேட்டு, ஒப்புதல் கடிதம் வாங்கி இணையுங்கள். பாடுகிற பெரியவர்களிடமும் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும்: எதைப் பதிவு செய்கிறோம், யார் கேட்கலாம், இணையத்தில் போடலாமா என்று. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. அந்தப் பாட்டு அவர்கள் சொத்து.

ஐந்தாம் படி: பட்ஜெட்

விண்ணப்பத்தின் உயிர் இங்கேதான். ‘பதிவுச் செலவு 80,000’ என்று மொட்டையாக எழுதக் கூடாது. எத்தனை, ஒன்றுக்கு எவ்வளவு, மொத்தம் எவ்வளவு என்று வர வேண்டும். கீழே இருப்பது மாதிரிக் கணக்கு. தொகைகளை உங்கள் ஊர் கோட்டேஷன்படி மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒலிப்பதிவாளர்: 8 நாள் × 2,500 = 20,000 ரேண்ட்
கலைஞர்களுக்குச் சன்மானம்: 6 பேர் × 3 அமர்வு × 1,000 = 18,000
பாட்டை எழுத்தாக்குவது: 120 மணி நேரம் × 150 = 18,000
பயிற்சி வகுப்பு ஆசிரியர்: 10 சனிக்கிழமை × 1,200 = 12,000
கணக்காளர்: 6,000
போக்குவரத்து: 8 நாள் × 600 = 4,800
ஹார்டு டிஸ்க்: 2 × 1,800 = 3,600
மொத்தம்: 82,400 ரேண்ட்

எழுத்தாக்கும் வேலையைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். கூத்துப் பாட்டில் மத்தளம் ஒரு பக்கம், பின்பாட்டு ஒரு பக்கம். ஒரு மணி நேரப் பதிவை எழுதி முடிக்க ஆறு மணி நேரமாவது போகும். மேலே உள்ள 120 மணி நேரம் 20 மணி நேரப் பதிவுக்கான கணக்கு.

கலைஞர் சன்மானத்தை யாரும் வெட்ட விடாதீர்கள். ‘அவர் நம்ம ஆள், சும்மா பாடுவார்’ என்று கமிட்டியில் ஒருவர் கட்டாயம் சொல்வார். வாழ்நாள் முழுக்கச் சும்மா பாடியவருக்கு, பணம் கிடைக்கிற ஒரே திட்டத்திலும் சும்மா பாடச் சொல்வது நியாயமே இல்லை.

உங்கள் பங்கையும் காட்டுங்கள். மண்டபத்தை 10 சனிக்கிழமைக்கு இலவசமாகத் தருகிறீர்கள், வாடகை 800 என்றால் 8,000 ரேண்ட் உங்கள் பங்கு. தொண்டர்களின் உழைப்பையும் அப்படியே கணக்கிட்டுத் தனியாக எழுதலாம். பெரிய செலவுகளுக்குக் கோட்டேஷன் இணையுங்கள். கமிட்டி உறுப்பினரின் மச்சான் கடையில் வாங்குவதாக இருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள், அல்லது வேறு கடை பாருங்கள்.

ஆறாம் படி: அனுப்புங்கள்

அறிவிப்பில் கேட்ட வரிசையிலேயே காகிதங்களை வையுங்கள். ஒரு கையெழுத்து விட்டுப்போனதால் நல்ல திட்டம் நிராகரிக்கப்படுவது சாதாரணமாக நடக்கிறது. விண்ணப்பத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவரிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்பே அனுப்பிவிடுங்கள். லோட் ஷெடிங் மின்வெட்டுக் காலத்தைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. பெற்றுக்கொண்டதற்கான எண்ணைக் குறித்து வையுங்கள்.

ஏழாம் படி: பணம் வந்த பிறகு

ஒப்பந்தத்தை முழுசாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பணம் பெரும்பாலும் தவணையாக வரும். முதல் தவணைக்கு அறிக்கை கொடுத்தால்தான் அடுத்தது. ஒவ்வொரு ரசீதையும் வாங்கிய அன்றே படம் எடுத்துத் தேதிவாரியாக வையுங்கள். வகுப்புக்கு வந்தவர்களிடம் வருகைக் கையெழுத்து வாங்குங்கள். ஒலிப்பதிவாளருக்கு ஒதுக்கியதை ஒலிபெருக்கி வாங்கச் செலவழிக்க வேண்டுமானால் முதலில் எழுதிக் கேட்டு அனுமதி வாங்க வேண்டும்.

கிடைக்கவில்லை என்று கடிதம் வந்தால் காரணம் கேட்டு எழுதுங்கள். காகிதக் குறையா, பட்ஜெட் குறையா, பணம் தீர்ந்துவிட்டதா என்று தெரிந்தால் அடுத்த அறிவிப்புக்கு அதே திட்டத்தைத் திருத்தி அனுப்பலாம். கிடைத்தவர்களும் அடுத்ததை இப்போதே யோசிக்க வேண்டும்: லாட்டரி ஆணையத்தில் ஒரு மானியத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே 12 மாத இடைவெளி விதி உண்டு. அந்த இடைவெளி வருடத்தில், ஏற்கெனவே பதிவு செய்த பாட்டை மேடையேற்றக் கலை மன்றத்திடம் கேளுங்கள். அதற்கான நாலு வரியை அடுத்த கமிட்டிக் கூட்டத்திலேயே எழுதத் தொடங்கலாம்.