4000 ஆர்பிஎம்மில் சரிந்த பூஸ்ட்

என் டொயோட்டா சுப்ரா காரின் 2ஜேஇசட்-ஜிடிஇ எஞ்சினில் இரண்டு டர்போக்கள் (புகையின் விசையால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவிகள்) உண்டு. இரண்டாவது டர்போவும் சேர்ந்துகொள்ளும் 4000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 4000 சுழற்சி) அளவில், பூஸ்ட், அதாவது டர்போ தரும் காற்றழுத்தம், சட்டெனச் சரிந்து மீளாமல் நின்றது. டர்போ தேய்ந்துவிட்டது, ஒற்றைப் பெரிய டர்போவுக்கு மாறுவதே வழி என்று பலரும் சொன்னார்கள். ஸ்பார்க் பிளக்குகளை மாற்றியதும், டர்போவின் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாய்களில் கசிவு தேடியதும் பயன் தரவில்லை.

பிறகு, இரண்டாவது டர்போவின் காற்று வழியையும் புகை வழியையும் திறக்கும் வால்வுகளைக் கம்பியால் திறந்த நிலையிலேயே கட்டி, இரு டர்போக்களும் தொடக்கம் முதலே இணையாக இயங்கும்படி ஓட்டிப் பார்த்தேன். பூஸ்ட் தாமதமாக ஏறியது. ஆனால் உச்ச வேகம் வரை குறையாமல் நின்றது. ஆகவே டர்போக்கள் நலம், கோளாறு அவற்றை மாற்றியிணைக்கும் அமைப்பில்தான் என்பது உறுதியாயிற்று.

கைப்பம்பால், வால்வுகளை அழுத்தத்தால் இயக்கும் ஆக்சுவேட்டர்களின் ஒவ்வொரு குழாயையும் சோதித்தபோது, எஞ்சின் குளிர்ந்திருக்கையில் எல்லாமே அழுத்தத்தைத் தாங்கின. சூடான எஞ்சினில் மட்டும், புகை வால்வுக்குச் செல்லும் ரப்பர் குழாயில் அழுத்தமானியின் முள் மெல்ல இறங்கியது; கண்ணுக்கு எட்டாத அடிப்பக்கத்தில், வெப்பத்தில் இறுகிய விளிம்பில், மயிரிழை விரிசல். சிலிக்கோன் குழாய்களாக மாற்றியதும் சரிவு நின்றது, பெரிய நிம்மதி.

ஒற்றை டர்போ தரும் மேல்வேகச் சக்தி உண்மையானதுதான். எனினும் தாழ்ந்த ஆர்பிஎம்மிலேயே இழுவை வேண்டும் என்பதால் எனக்கு இந்த இரட்டை டர்போவே பொருத்தம்.