காப்புறுதிப் படிவத்தில் சொல்லாமல் விடும் ஒரு வரி

மழை பெய்து ஓய்ந்த இரவில், வன்னியூடாக யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியில் மாடுகள் வந்து படுக்கும். பகல் வெயில் குடித்த தாரில் சூடு மிச்சம் இருக்கும், அதற்காக. கறுத்த மாடு, கறுத்த வீதி, தூரத்தில் இருந்து ஒன்றும் தெரியாது. என் மச்சானின் வான் இரண்டு வருடத்துக்கு முன்னர் கனகராயன்குளத்துக்குக் கிட்ட அப்படி ஒரு மாட்டில் மோதியது. ரேடியேட்டர் பிளந்து, முன்பக்கம் முழுக்க உள்ளே போய்விட்டது. முறிகண்டியில் தேங்காய் உடைத்துவிட்டு வவுனியாவுக்குத் திரும்பிய ஏழு பேரும் கீறல் காயத்தோடு தப்பினார்கள். வானுக்கு ஃபுல் இன்சூரன்ஸ், அதாவது சொந்த வாகனத்தின் சேதத்துக்கும் சேர்த்த காப்புறுதி, இருந்தது. கட்டுப்பணமும் ஒழுங்காகக் கட்டியிருந்தான்.

காப்புறுதிக் கம்பனியின் மதிப்பீட்டாளர் வந்தார், படம் எடுத்தார். பிறகு வீதிக்கரையில் குந்தியிருந்த ஓர் அம்மாவிடம் மெதுவாகக் கேட்டார்: "அம்மா, எவ்வளவு குடுத்து வந்தனீங்கள்?"

"ஆளுக்கு ஆயிரத்தைந்நூறு, தம்பி."

அதோடு கிளெய்ம், அதாவது நட்டஈட்டுக் கோரிக்கை, கைநழுவிப் போனது. படிவத்தில் "தனிப்பட்ட பாவனை" என்று இருந்தது. ஓடியதோ கூலிக்கு.

மச்சான் கெட்டவன் இல்லை. கூலிக்கு ஓடுகிற வாகனம் என்று எழுதினால் கட்டுப்பணம் கூடும், அதற்காக ஏஜென்ட் சொன்னபடி கையெழுத்து வைத்தான். வன்னியில் பலரும் செய்கிற தவறு இதுதான். ஆபத்து கூடிய சாரதி என்று கம்பனி எங்களை நினைத்துவிடுமோ என்ற பயத்தில் உண்மையை மறைக்கிறோம். காப்புறுதி என்பது நீங்கள் சொன்னதை நம்பிச் செய்யும் ஒப்பந்தம். கட்டணத்தைத் தீர்மானிக்கும் ஒரு விசயத்தை மறைத்தால், கோரிக்கையை நிராகரிக்கக் கம்பனிக்கு வழி கிடைத்துவிடும். எழுதியது ஏஜென்டாக இருந்தாலும் கையெழுத்து உங்களுடையது. வெறும் படிவத்தில் கையெழுத்து வைத்துக் கொடுக்காதீர்கள். நிரப்பிய பிறகு வாசித்து, போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள்.

ஆபத்து கூடியவர் யார் என்பதை ஒவ்வொரு கம்பனியும் தன் கணக்கில் பார்க்கும். இளவயதுச் சாரதி, புதிதாக லைசன்ஸ் எடுத்தவர், அடுத்தடுத்து கிளெய்ம் எடுத்தவர், கூலிக்கு ஓடுபவர் ஆகியோருக்குக் கட்டணம் கூடலாம். சில ஒப்பந்தங்களில் கட்டணம் அப்படியே இருக்கும், ஆனால் இளவயதுக்காரர் ஓட்டி விபத்து நடந்தால் முதல் இவ்வளவு ரூபாயை நீங்களே பொறுக்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கும். அதை முன்கூட்டியே கேளுங்கள். மகன் ஓட்டுகிற காரை, "அப்பாதான் ஓட்டுவார்" என்று எழுதிக் கொடுப்பது மச்சான் செய்த தவறின் இன்னொரு முகம்.

கிளெய்ம் எடுத்த கதை வெளியே வராது என்று கம்பனி மாறுபவர்களும் இருக்கிறார்கள். நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் எடுக்காத வருடங்களுக்கான கட்டணக் கழிவு, வேண்டும் என்றால் பழைய கம்பனியின் கடிதத்தைப் புதிய கம்பனி கேட்கும், எல்லாம் அதில் இருக்கும். மாறுவதில் பிழையில்லை, சொல்லிவிட்டு மாறுங்கள். இரண்டு மூன்று இடத்தில் ஒரே தகவலைக் கொடுத்து விலை கேட்டால் வித்தியாசம் நன்றாகவே தெரியும். அதேபோல சின்னக் கீறலுக்கெல்லாம் கிளெய்ம் போடாதீர்கள். கராஜில் 15,000 ரூபாய் என்றால், அடுத்த வருடம் இழக்கும் போனஸ் எவ்வளவு என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

இனி வாகனத்தின் பெறுமதி. இது பலருக்கும் புரியாத இடம், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் கதவு திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களின் விலை எங்கேயோ போய்விட்டது. ஆனால் பலருடைய பத்திரத்தில் இன்னமும் பழைய விலைதான். உதாரணத்துக்கு, இன்றைக்குச் சந்தையில் 60 இலட்சம் போகிற காரை, கட்டுப்பணத்தைக் குறைக்க 40 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்திருக்கிறீர்கள். 6 இலட்சத்துக்குச் சேதம். பெறுமதியைக் குறைத்துக் காட்டினால் அதே விகிதத்தில் நட்டஈட்டையும் குறைக்கும் விதி உள்ள ஒப்பந்தத்தில் கம்பனி மூன்றில் இரண்டு பங்கை, அதாவது 4 இலட்சத்தைத்தான் கணக்கெடுக்கும். மிச்ச 2 இலட்சம் உங்கள் தலையில். சேதம் 40 இலட்சத்துக்குள்தானே என்று வாதாடிப் பயனில்லை. ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கும்போது சந்தை விலையை விசாரித்துத் திருத்துங்கள்.

சட்டம் கட்டாயம் என்று சொல்வது மூன்றாம் தரப்புக் காப்புறுதியை. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் அது. அந்தக் காப்புறுதிக் கார்டும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் இல்லாமல் வருடாந்த வரிப்பத்திரம் எடுக்க முடியாது. அது நீங்கள் இடித்தவருக்கான பாதுகாப்பு, உங்கள் வாகனத்துக்கு ஒரு சதமும் வராது. லீசிங்கில் எடுத்த வாகனம் என்றால் நிதி நிறுவனம் ஃபுல் இன்சூரன்ஸ் கேட்கும். அங்கே தெரிவுக்கு இடமில்லை.

கலியாண வீட்டில் "டேய், வானை ஒருக்கா எடுத்துக்கொண்டு போய் ஐஸ் வாங்கி வா" என்று சாவியைக் கொடுப்பது எங்கள் ஊரில் சாதாரணம். சாவி வாங்குகிறவரிடம் மோட்டார் சைக்கிள் லைசன்ஸ் மட்டும் இருந்தால், அல்லது இரண்டு கிளாஸ் உள்ளே போயிருந்தால், அந்தப் பயணத்துக்குக் காப்புறுதி இல்லை என்றே நினையுங்கள். லைசன்ஸின் பின்பக்கத்தில் எந்த வகை வாகனம், எதுவரை செல்லும் என்று பாருங்கள்.

வெள்ளத்தை மறக்க வேண்டாம். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறந்தபோது கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் தண்ணீர் வீட்டுக்குள் வந்ததைக் கண்டவர்கள் நாங்கள். இயற்கை அழிவுக்கான பாதுகாப்பு பல ஒப்பந்தங்களில் மேலதிகமாகப் பணம் கட்டிச் சேர்ப்பது. சேர்ந்திருக்கிறதா என்று மாரிக்கு முதலே பாருங்கள். தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கவே கூடாது. எஞ்சினுக்குள் தண்ணீர் போய் உடைந்தால், அது உங்கள் கவலையீனம் என்று கம்பனி வாதாடும்.

விபத்து நடந்த இடத்தில் நாங்கள் முதலில் செய்வது பேசித் தீர்ப்பது. ஊர்ப் பழக்கம், நல்ல மனசும்தான். ஆனால் காப்புறுதிக்காரருக்குச் சொல்லாமல் பிழையை ஒத்துக்கொள்வதையோ காசு கொடுப்பதையோ அனேக ஒப்பந்தங்கள் தடுக்கின்றன. யாருக்காவது காயம் என்றால் முதலில் ஆஸ்பத்திரி, அடுத்தது பொலிஸ். பிறகு கார்டில் உள்ள இலக்கத்துக்கு அந்த இடத்தில் நின்றே அழையுங்கள், முடிந்தவரை வாகனத்தை நகர்த்த முதல்.

கிளெய்மை மறுத்தால் வாய்ச் சொல்லை ஏற்காமல் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் கம்பனிக்கே முறைப்பாடு, அதில் தீராவிட்டால் கொழும்பில் காப்புறுதி ஒம்புட்ஸ்மன், அதாவது இப்படியான முறைப்பாடுகளை விசாரிக்கும் நடுநிலையாளர், இருக்கிறார். மச்சானும் எழுதத்தான் யோசித்தான். ஆனால் படிவத்தில் இருந்த கையெழுத்து அவனுடையது.

வானை அவனே செலவழித்துத் திருத்தினான். இப்போது படிவத்தில் கூலிக்கு ஓடுவது என்று இருக்கிறது. முன்னரைவிடக் கூடக் கட்டுகிறான். படிவத்தின் பிரதி, டாஷ்போர்ட்டுக்குக் கீழே ஒரு பொலித்தீன் உறையில் கிடக்கிறது.